ஷிப்டு முடிந்தபின் எம்பிஏ

ஆரப்பாளையத்தில் ஏறி திண்டுக்கல் சாலையில் பாத்திமா கல்லூரி, விளாங்குடி, பரவை, சமயநல்லூர் என்று போகிறவர் ஜன்னல் வழியே பார்த்தால், வேலையை விடாமலே எம்பிஏ வாங்கித் தருவதாகச் சொல்லும் விளம்பரம் ஒன்றாவது கண்ணில் படும். செல்போனில் அதைவிட அதிகம் வரும். ஒருமுறை எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும், வாரக்கணக்கில் அழைப்பார்கள். இந்த வட்டாரத்தில் அந்த அழைப்பை எடுப்பவர்கள் யார்? பரவை காய்கறிச் சந்தையில் கமிஷன் மண்டிக் கணக்குப் பார்ப்பவர், மில் சூபர்வைசர், வங்கி எழுத்தர், மருந்து கம்பெனி ரெப், தனியார் பள்ளி ஆசிரியை, இலந்தைக்குளம் ஐடி பார்க்குக்குப் போய்வரும் பெண். எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: வேலை பார்த்துக்கொண்டே எம்பிஏ போடலாமா, போட்டால் பிரயோஜனம் உண்டா?

ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லி நழுவலாம். ஓரளவு உண்மையும்கூட. ஆனால் எந்த ஆளுக்கு எப்படி மாறும் என்பதைச் சொல்லிவிட முடியும். அதற்குப் படிப்பின் வரலாறு, சட்டம், காசு, நேரம் ஆகிய நான்கையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

மதுரைக்கு இந்தப் படிப்பு வெளியூர்ச் சரக்கு அல்ல. மீனாட்சி மில்ஸ் உள்ளிட்ட பஞ்சாலைகளை நடத்திய கருமுத்து தியாகராசர் 1962இல் தியாகராசர் மேலாண்மைப் பள்ளியைத் தொடங்கினார். கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐஐஎம்கள் வந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஆலை நடத்துவதைத் தனியே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் சென்னையைத் தாண்டி ஒரு பஞ்சாலை ஊரில் அவ்வளவு சீக்கிரம் முளைத்தது சாதாரணமில்லை. ஆனால் அது பகலில் வகுப்புக்கு வர முடிந்தவர்களின் படிப்பு. பகலில் தறியோடும் பேரேட்டோடும் நின்றவர்களுக்குக் கதவு திறந்தது வேறு இடத்தில்.

நாகமலைப் புதுக்கோட்டைக்கு அப்பால் பல்கலை நகரில் இருக்கும் மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் பிறந்தது. காமராசர் பெயர் 1978இல் சேர்ந்தது. இடையில், 1971இல், அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. இந்தியாவில் இதற்கு முன்னோடி 1962இல் தொடங்கிய டெல்லிப் பல்கலைக்கழகம். தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் (1979) சென்னைப் பல்கலைக்கழகமும் (1981) மதுரைக்குப் பிறகுதான் இந்த வழிக்கு வந்தன. ‘ரெகுலரா, கரஸ்ஸா?’ என்ற கேள்வி தென்மாவட்டங்களில் கல்யாணப் பேச்சு வரைக்கும் போனதற்கு மதுரைக்குப் பெரும் பங்குண்டு. தபாலில் வரும் பாடப் பொட்டலத்தைப் பிரித்து, மில் குவார்ட்டர்ஸிலும் அஞ்சலகத்திலும் பஸ் டிப்போவிலும் உட்கார்ந்து பட்டம் வாங்கிய ஒரு தலைமுறை இங்கே உண்டு. அவர்களில் பலர் அவரவர் வீட்டில் முதல் பட்டதாரிகள்.

அடுத்த கதவை டெல்லி திறந்தது. நாடாளுமன்றச் சட்டத்தின்படி 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) அமைந்தது. 1987இல் அது முதன்முதலாகத் தொடங்கிய இரண்டு படிப்புகளில் ஒன்று மேலாண்மை டிப்ளமோ. தொலைநிலைக் கல்வி என்றாலே பி.ஏ., எம்.ஏ. என்று இருந்த காலத்தில், வேலையில் இருப்பவருக்கு முதலில் தர வேண்டியது மேலாண்மைதான் என்று ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் முடிவெடுத்தது. அதன் மதுரை மண்டல மையம் இருப்பது அலங்காநல்லூர் சாலையில், சிக்கந்தர் சாவடியில். பரவைக்காரருக்குப் பக்கத்து ஊர். விளம்பரத்தைப் பார்த்து பெங்களூருக்கும் ஜெய்ப்பூருக்கும் போன் போடுபவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது சந்தேகம்தான்.

உலகக் கதை இதற்குத் தலைகீழாக ஓடியது. எம்பிஏ பட்டம் ஹார்வர்டில் 1908இல் பிறந்தபோது அது பட்டம் முடித்த இளைஞர்களுக்கானது. வேலையில் இருக்கும் மேலாளர்களுக்கென்று எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ வர 35 வருடம் ஆயிற்று. 1943இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, சிகாகோ பல்கலைக்கழகம் அதைத் தொடங்கியது. இந்தியாவில் மாலை வகுப்பு ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1953இல் கல்கத்தாவில் ஒரு மேலாண்மை நிறுவனமும், 1954இல் டெல்லிப் பல்கலைக்கழக மேலாண்மைப் புலமும் வந்தன. அலுவலகம் முடித்து வருபவர்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துதான் டெல்லி வளர்ந்தது. முழுநேர எம்பிஏ அங்கே பிறகு வந்தது. சென்னை லயோலா வளாகத்தில் 1979இல் தொடங்கிய லிபா மேலாண்மை நிறுவனமும் அப்படித்தான் வேலை பார்ப்பவர்களை வைத்து ஆரம்பித்தது. 2011இல் திருச்சிக்கு ஐஐஎம் வந்தது. அடுத்த வருடமே அது சென்னையில் வார இறுதி வகுப்பு நடத்தத் தொடங்கியது. மதுரையில் ஐஐஎம் இல்லை. சனிக்கிழமை விடியற்காலையில் ரயிலேறி ஞாயிறு இரவு திரும்புவேன் என்று கிளம்புபவர்கள் உண்டு. முதல் செமஸ்டருக்குப் பிறகும் அப்படிப் போக முடிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வேலையில் இருப்பவர்தான் மேலாண்மை படிக்கத் தகுதியானவர் என்று அழுத்தமாக வாதிட்டவர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க். மேலாண்மை என்பது அனுபவமும் கைத்திறனும் கலந்த காரியம், ஒரு நாள்கூட ஆள் வைத்து வேலை வாங்காத இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு வகுப்பறையில் அதைப் புகட்ட முடியாது என்பது 2004இல் வந்த அவருடைய புத்தகத்தின் சாரம். சொன்னதோடு நிற்காமல், வேலையில் இருக்கும் மேலாளர்களை மட்டும் சேர்க்கும் ஒரு பன்னாட்டுப் படிப்பை 1996இலேயே தொடங்கியிருந்தார். அதன் கூட்டாளிகளில் பெங்களூர் ஐஐஎம்மும் உண்டு. மாணவர் தன் அலுவலகச் சிக்கலைக் கொண்டுவர வேண்டும், வகுப்பு அதைப் பிரித்துப் பார்க்கும், திரும்பிப் போய் அவர் செய்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் முறை.

இந்த வாதம் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் நம் ஊரில் பகுதிநேரமாகவும் தொலைநிலையிலும் நடக்கும் படிப்பு இந்த வாதத்துக்குத் தகுதியாக நடக்கவில்லை. பரவை சந்தையை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் லாரி வருகிறது. தக்காளியும் கத்தரியும் எவ்வளவு வரும் என்று முந்தின நாள் உறுதியாகத் தெரியாது. வாங்குபவர் எத்தனை பேர் வருவார் என்பதும் முகூர்த்தம், அமாவாசை, மழையைப் பொறுத்தது. மிச்சம் நின்றால் மறுநாள் பாதி விலை, அதற்கு மறுநாள் மாட்டுக்கு. குறைந்துபோனால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். எவ்வளவு சரக்கு எடுப்பது என்ற இந்த முடிவு மேலாண்மைப் பாடத்தில் தனி அத்தியாயமாகவே இருக்கிறது. மிஞ்சினால் வரும் நட்டத்தையும் குறைந்தால் போகும் லாபத்தையும் எடைபோட்டு அளவைக் கணக்கிடும் வழியை அது சொல்லித் தருகிறது. பாடத்தில் வரும் உதாரணம் அயல்நாட்டுப் பத்திரிகை விற்பவருடையது. மண்டிக் கணக்குப்பிள்ளை இரவு அதைப் படித்துப் பரீட்சைக்கு எழுதுகிறார். காலையில் தக்காளிக்கு அதே கணக்கைப் போடலாம் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. கடன் வசூல் காலம், நம்பிக்கையின் பேரில் நடக்கும் வியாபாரம், கமிஷன் விகிதம், கூலி ஆள் பிடிப்பது என்று ஒரு எம்பிஏவுக்குரிய பாதிப் பாடம் அந்தச் சந்தைக்குள் கிடக்கிறது. பாடப் பொட்டலமும் சந்தையும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

காரணம் ஆசிரியர்களின் சோம்பல் மட்டுமல்ல. ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே பாடம், ஒரே வினாத்தாள் என்று நடக்கும்போது ஒவ்வொருவர் அலுவலகத்தையும் உள்ளே கொண்டுவர முடியாது. அதற்காகத்தான் அசைன்மென்ட் என்று ஒன்று வைத்தார்கள். உங்கள் நிறுவனத்தில் இது எப்படி நடக்கிறது என்று எழுதச் சொல்லும் கேள்விகள் அதில் நிறைய உண்டு. நடப்பது என்ன? விடை எழுதிய அசைன்மென்ட் ஜெராக்ஸ் கடையிலும் வாட்ஸ்அப்பிலும் கிடைக்கிறது. மில் சூபர்வைசரும் மருந்து ரெப்பும் தங்கள் நிறுவனம் என்று ஒரே கம்பெனியைப் பற்றி ஒரே கையெழுத்து நடையில் எழுதிக் கொடுக்கிறார்கள். படிப்பின் மிகப் பயனுள்ள பகுதி இப்படி முப்பது ரூபாய்க்குப் போகிறது.

இனி சட்டம். சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் இதில் சறுக்கினால் மற்ற எதுவும் உதவாது. தொலைநிலைப் படிப்புகளையும் ஆன்லைன் படிப்புகளையும் இப்போது ஆள்வது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள். தர மதிப்பீட்டு அமைப்பான நாக் தரும் மதிப்பெண் நான்குக்கு 3.01 என்பது போன்ற தகுதி உள்ள நிறுவனங்களுக்கே தொலைநிலைப் படிப்பு நடத்த வழி. எந்தப் படிப்பை, எந்த ஆண்டுச் சேர்க்கைக்கு நடத்தலாம் என்று தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். பெயர் பெற்ற பல்கலைக்கழகம் என்பதால் அதன் எல்லாப் படிப்பும் செல்லும் என்று நினைக்கக் கூடாது. பட்டத்தை வேறொருவர் மூலம் நடத்தும் ஃபிரான்சைஸ் முறைக்குத் தடை இருக்கிறது. 2022 ஜனவரியில் மானியக் குழு இதை எடுத்துச் சொல்லி எட்-டெக் கம்பெனிகளை எச்சரித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டமும் ஆன்லைன் பட்டமும் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்றும் அறிவித்தது. 2024 முதல் இவற்றில் சேர்பவர் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் தன் பெயரில் ஓர் அடையாள எண் எடுத்தாக வேண்டும். அந்த எண்ணை எடுக்கும்போதே படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ‘நாங்களே எல்லாம் பார்த்துக்கொள்கிறோம் சார்’ என்று சொல்லும் ஏஜென்டிடம் கொடுக்காமல் அந்தப் பதிவைக் கையோடு தானே செய்துகொள்வது நல்லது.

அலட்சியத்தின் விலை என்ன என்று இரண்டு தீர்ப்புகள் காட்டுகின்றன. பள்ளி முடித்து முதல் பட்டம் வாங்காமல் திறந்தநிலை வழியில் நேரே முதுநிலைப் பட்டம் பெற்றவர்களின் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது தமிழ்நாட்டு வழக்கு. வயதைக் காட்டி நேரடியாக எம்ஏ, எம்பிஏ சேர்ந்தவர்கள் நம் பக்கத்தில் நிறைய இருந்தார்கள். அடுத்தது 2017 நவம்பர் தீர்ப்பு. உரிய அனுமதி இல்லாமல் தொலைநிலையில் பொறியியல் பட்டம் கொடுத்த நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் பட்டங்களை அது நிறுத்திவைத்தது, 2005க்குப் பிந்தையவற்றை ரத்தே செய்தது. அந்தப் பட்டத்தை வைத்துப் பதவி உயர்வு வாங்கியிருந்தவர்கள் பலர்.

பட்டமா, டிப்ளமோவா என்ற குழப்பமும் உண்டு. ஐஐஎம்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் டிப்ளமோதான் கொடுத்தன. 2017இல் நிறைவேறிய சட்டம் 2018 ஜனவரி 31இல் நடைமுறைக்கு வந்த பிறகே பட்டம் தர முடிந்தது. தனித்து இயங்கும் தனியார் நிறுவனங்கள் தருவது இன்றும் பிஜிடிஎம் என்ற டிப்ளமோதான். தனியார் வேலைக்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல. பிஎச்டி சேரவோ அரசுப் பணிக்கோ போகிறவர் மட்டும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய பெயருள்ள நிறுவனம் எட்டு மாதத்தில் ஆன்லைனில் தரும் சான்றிதழை எம்பிஏ என்று நினைத்துச் சேர்பவர்களும் இருக்கிறார்கள். அது சான்றிதழ், அவ்வளவுதான்.

காசுக்கு வருவோம். கம்பெனி ஏன் நம் படிப்புக்குப் பணம் கட்டுவதில்லை என்று புலம்பாத ஆளில்லை. அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் 1964இலேயே இதற்குக் காரணம் சொல்லிவிட்டார். அந்த ஆலையின் இயந்திரத்துக்கு மட்டும் உதவும் பயிற்சி என்றால் முதலாளி செலவழிப்பார். எங்கு போனாலும் செல்லும் பொதுப் பயிற்சி என்றால் செலவழிக்க மாட்டார், ஏனென்றால் படித்து முடித்த ஆள் அதிகச் சம்பளம் தரும் பக்கத்து ஆலைக்குப் போய்விடுவார். எம்பிஏ பொதுப் பயிற்சியின் உச்சம். அதனால்தான் பணம் கட்டும் கம்பெனி பாண்ட் கேட்கிறது. இந்த பாண்ட் செல்லாது, கிழித்துப் போடலாம் என்று டீக்கடையில் சட்டம் பேசுபவர்கள் 2025 மே மாதத் தீர்ப்பைப் படிக்க வேண்டும். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது வேலையில் சேரும்போது போட்ட ஒப்பந்தம்தான். ஆனாலும் நியாயமான தொகையும் காலமும் உள்ள பாண்ட் வெறும் காகிதமல்ல என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அரசு ஊழியர்களுக்கு முன்பிருந்த கவர்ச்சி போய்விட்டது. கூடுதல் தகுதிக்கான முன் ஊதிய உயர்வைத் தமிழ்நாடு அரசு 2020 மார்ச்சில் நிறுத்தியது. அதை எண்ணி எண்ணித்தான் எம்ஏ, எம்ஃபில் என்று எத்தனையோ ஆசிரியர்கள் கரஸ்ஸில் படித்தார்கள். மத்திய அரசில் மாதாமாதம் வரும் உயர்வு கிடையாது, ஒருமுறை மட்டும் ஊக்கத்தொகை உண்டு. 2019 முதல் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட முதுநிலைப் படிப்புக்கு 25,000 ரூபாய். அதுவும் பார்க்கும் வேலைக்குச் சம்பந்தம் இருந்தால்தான். வங்கிக்காரர் கதை வேறு. அவருக்கு இன்கிரிமென்ட் வாங்கித் தருபவை ஜேஏஐஐபி, சிஏஐஐபி தேர்வுகள். எம்பிஏ விளம்பரத்துக்கு மயங்கும் இளம் வங்கி ஊழியரிடம் நான் முதலில் கேட்பது இந்த இரண்டையும் முடித்துவிட்டாரா என்பதைத்தான். செலவோ சில ஆயிரம், பலனோ உறுதி.

கடன் வாங்கிப் படித்தால் வட்டிக்கு வருமான வரிச் சட்டப்படி எட்டு ஆண்டு வரை கழிவு உண்டு. ஆனால் புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு அது கிடையாது. சம்பளக்காரர்களில் பலர் மாறிவிட்டார்கள். விளம்பரம் சொல்லும் ‘வட்டியில்லா மாதத் தவணை’ என்பது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்திடம் மாணவர் பெயரில் எடுக்கப்படும் கடன். பாதியில் படிப்பை விட்டாலும் தவணை நிற்காது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் அனுமதியைக் கொடுக்குமுன் யோசியுங்கள் என்று கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோர்களையும் மாணவர்களையும் எச்சரித்தது.

ஆனால் காசைவிட நேரக் கணக்கில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். இதை யாரும் முன்கூட்டிப் போட்டுக் காட்டுவதில்லை. இக்னோ முறையில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் பாடம் 120 மணி நேரம். எம்பிஏவில் ஒரு செமஸ்டருக்கு ஏழு பாடம் என்றால் 840 மணி நேரம். ஆறு மாதத்தின் 26 வாரத்துக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு 32 மணி நேரம் வருகிறது. பரவையிலிருந்து கப்பலூர் தொழிற்பேட்டைக்கோ வெள்ளரிப்பட்டிக்கோ வேலைக்குப் போகிறவர் வாரம் 48 மணி நேர ஷிப்டு பார்த்து, போக வரத் தினம் இரண்டு மணி நேரம் கொடுத்தால் 60 மணி நேரம் ஆயிற்று. தூக்கத்துக்கு 49. மிச்சம் 59. அதில் 32 படிப்புக்குப் போனால் குளிக்க, சாப்பிட, ரேஷன் கடைக்குப் போக, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, பிள்ளையிடம் இரண்டு வார்த்தை பேச, எல்லாவற்றுக்கும் நாளுக்கு நான்கு மணி நேரம்கூட இல்லை. இரவு ஷிப்டு மாறி மாறி வருகிறவருக்கு இந்தக் கணக்கும் பொருந்தாது.

ஆகவே இரண்டு வருடத்தில் முடிப்பேன் என்று கிளம்பாமல் ஆரம்பத்திலேயே நான்கு வருடத் திட்டம் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். இக்னோ அதற்கு இடம் கொடுக்கிறது. நான்கு வருடமாக்கினால் வாரம் 16 மணி நேரம். அதுவும் லேசு இல்லை, ஆனால் நடக்கக்கூடியது. தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். ஜூன் தேர்வுக்கான அசைன்மென்ட் வேலை சித்திரைத் திருவிழாச் சமயத்தில்தான் கழுத்தைப் பிடிக்கும். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் எந்த மதுரைக்காரனும் புத்தகம் எடுக்க மாட்டான் என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேலை, படிப்பு இரண்டையும் இரட்டை மாட்டு வண்டி போலச் சமமாக இழுக்கலாம் என்று நம்புபவர்களுக்கே அரியர் அதிகம் விழுகிறது. எது எப்போது பின்னால் நிற்கும் என்று முன்பே முடிவெடுத்தவர்கள் கரை சேர்கிறார்கள்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. வேலை, வீடு, பிள்ளை என்று மூன்று ஷிப்டு ஏற்கெனவே ஓடுகிறது. ஜூன் தேர்வு சரியாகப் பள்ளி திறக்கும் நேரத்தில் வருகிறது. பரவையிலேயே மங்கையர்க்கரசி மகளிர் கல்லூரி இருக்கிறது, விளாங்குடிப் பக்கம் 1953 முதல் பாத்திமா கல்லூரி இருக்கிறது. இந்தப் பகுதிப் பெண்களுக்கு முதல் பட்டத்தில் பெரிய குறை இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வதுதான் சிக்கல். அதற்குத் தொலைநிலை எம்பிஏ உண்மையிலேயே உதவுகிறது. நான்கைந்து வருட இடைவெளிக்குப் பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கும் பெண்ணுக்கு, இடைப்பட்ட காலத்தில் படித்துக்கொண்டிருந்தேன் என்று காட்ட ஒரு பட்டம் இருப்பது பெரிய பலம். வருமானக் கணக்கு மட்டும் போடும் ஆய்வுகளில் இது அகப்படாது.

கடைசியில் பலன் என்ன? ஸ்டான்ஃபோர்டின் ஜெஃப்ரி ஃபெஃபரும் கிறிஸ்டினா ஃபாங்கும் 2002இல் கிடைத்த ஆதாரங்களையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். மிக உயர்ந்த பள்ளிகளை விட்டுவிட்டால், எம்பிஏ பட்டமோ அதில் வாங்கிய மதிப்பெண்ணோ பிற்கால வெற்றியைப் பெரிதாகத் தீர்மானிப்பதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். அவர்களே மேலாண்மைப் பள்ளிக்காரர்கள் என்பதால் அது பெரிய சலசலப்பை உண்டாக்கியது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் சொன்னதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பட்டம் அறிவைக் கூட்டுகிறதோ இல்லையோ, இந்த ஆள் கஷ்டப்பட்டு ஒன்றை முடிப்பான் என்று முதலாளிக்குத் தெரிவிக்கிறது என்றார் அவர். அந்த வகையில் ஷிப்டு பார்த்துக்கொண்டே வாங்கிய பட்டம் பகலில் வாங்கியதைவிட அதிகம் சொல்ல வேண்டும். நம் எச்ஆர்காரர்கள் பலர் அதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள், கரஸ் என்றதும் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

இவ்வளவையும் வைத்து என் கணிப்பு இது. ‘முதுநிலைப் பட்டம் அவசியம்’ என்ற ஒரு வரி மட்டும் பதவி உயர்வுக்குத் தடையாக இருப்பவருக்கு, ஒரு லட்சத்துக்குள் முடியும் அரசுப் பல்கலைக்கழகத் தொலைநிலை எம்பிஏ போதும். அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுப்பது வீண். பத்து வருட அனுபவம், கையில் ஆட்கள், சென்னைக்கோ பெங்களூருக்கோ மாறத் தயார், கம்பெனியும் பாதிச் செலவு ஏற்கிறது என்றால் ஐஐஎம் போன்ற இடங்களின் வார இறுதிப் படிப்புக்குப் பல லட்சம் கொடுப்பதில் நியாயம் உண்டு. அங்கே வாங்குவது பாடத்தை மட்டுமல்ல, கூடப் படிப்பவர்களின் தொடர்பையும்தான். இந்த இரண்டுக்கும் நடுவில், இரண்டு மூன்று லட்சத்துக்குத் தவணையில், ஏஜென்ட் மூலம், மாதம் ஒரு தள்ளுபடியோடு விற்கப்படும் பட்டம்தான் மோசமான வியாபாரம். மலிவானது தரும் தகுதியைத் தாண்டி அது எதுவும் தருவதில்லை, விலை உயர்ந்தது தரும் தொடர்பும் அதில் கிடையாது. திருமணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து வேண்டும் என்றால்கூட மலிவானதே போதும்!

பட்டமே வேண்டாம், விஷயம் தெரிந்தால் போதும் என்பவருக்கு வேறு வழியும் இருக்கிறது. 2003இல் ஐஐடிகள் தொடங்கிய என்பிடெல்லும், 2017இல் வந்த ஸ்வயமும் ஆன்லைனில் கணக்கியல், தரக் கட்டுப்பாடு, சப்ளை செயின் என்று தனித்தனிப் பாடமாக இலவசமாகத் தருகின்றன. தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால்தான் கட்டணம். மண்டிக் கணக்குப்பிள்ளைக்கு முழு எம்பிஏ தேவையில்லாமல் இருக்கலாம். ஒரே ஒரு சரக்கு மேலாண்மைப் பாடம் அவர் முதலாளிக்கு ஒரு சீசனிலேயே காசைத் திருப்பித் தரக்கூடும்.

மதுரையின் கல்வி நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். அஞ்சல்வழியில் முன்னே போன பல்கலைக்கழகமும், ஆலைக்காரர் ஒருவர் தொடங்கிய மேலாண்மைப் பள்ளியும், சிக்கந்தர் சாவடி மண்டல மையமும் ஒரே ஊரைச் சுற்றி இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நகருக்குள்ளேயே, பஸ் வசதியுள்ள ஓரிடத்தில், தமிழில் விளக்கி, மாணவரின் சொந்தக் கடையையும் மில்லையும் வங்கிக் கிளையையுமே பாடமாக வைத்து ஒரு பகுதிநேர வகுப்பு நடத்துங்கள். அசைன்மென்ட்டை ஜெராக்ஸ் கடையில் வாங்க முடியாதபடி, அவரவர் வேலையிடத்தின் கணக்கைக் கேளுங்கள். பரவையிலிருந்து முதல் பெஞ்சுக்கு ஆள் வருவார்கள்.